ஓர் அலமாரிக்கு மட்டும்

நாங்கள் குடியிருக்கும் தியாகராய நகர் அடுக்ககத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். அதுவரை இருக்கப்போகும் வாடகை வீட்டில் ஒரேயொரு புத்தக அலமாரிக்குத்தான் இடமுண்டு. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று தீர்மானிக்கக் கணவனும் மனைவியுமாக மறுவாசிப்பில் இறங்கினோம். நூலின் புகழைக் கணக்கில் கொள்ளவில்லை. இன்னொருமுறை படிப்போமா என்பதே கேள்வி.

பொன்னியின் செல்வன்: 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய தொடர். முதல் பாகத்தில் வந்தியத்தேவனின் குதிரையோடு நாங்களும் ஓடினோம். ஐந்தாம் பாகத்தில் கதை முடிய மனமின்றி நடக்கிறது. வாராவாரம் காத்திருந்தவர்களுக்கு அது சுகமாக இருந்திருக்கும். தொடர்ந்து படிப்பவர்களுக்குக் களைப்பு. பதினான்கு வயதில் படிக்கவேண்டிய நூல். அண்ணன் மகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

மோகமுள்: எங்களுக்குள் சண்டை மூட்டிய நாவல். பாபுவின் தவிப்பில் ஒருவர் கரைந்துபோனார். யமுனாவை ஏன் எப்போதும் பாபுவின் கண்ணாலேயே பார்க்கவேண்டும் என்று மற்றவர் கேட்டார். ரங்கண்ணா வரும் பக்கங்களில் இருவருக்கும் பேச்சில்லை. அவருக்காகவே இருக்கட்டும்.

தண்ணீர்: அசோகமித்திரன் இதே தி.நகரில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர். 2019 கோடையில் லாரிக்காகக் குடங்களோடு நின்ற எங்களுக்கு ஜமுனாவின் தெரு புதிதல்ல. ஆனால் அந்நாவலில் எவரும் முழக்கமிடுவதில்லை. நாங்கள் வரிசையில் நின்று போட்ட கூச்சலை நினைத்துக்கொண்டோம். மெலிந்த நூல், இடமும் அடைக்காது.

வெக்கை: பூமணியின் இந்நாவல் வெளிவந்தது 1982இல். இதைத் தழுவி 2019இல் வந்த அசுரனைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஆவேசத்தை எதிர்பார்ப்பார்கள். நூலிலோ கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறகு காட்டில் ஒளிந்திருக்கும் தகப்பனும் மகனும், அவர்களுடைய பசியும் பேச்சும்தான். இருவருக்குமே பிடித்திருந்தது, அபூர்வமான ஒற்றுமை.

என் சரித்திரம்: உ.வே.சா. 1942இல் மறைந்ததால் முடிவுபெறாமல் நின்ற சுயசரிதம். நடுவே ஊர்களும் புரவலர்களும் அடுக்கடுக்காக வரும்போது அலுப்புத் தட்டியதென்பதை மறைப்பானேன்? ஆனால் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி எழுதுகையில், எண்பதைக் கடந்த அந்த முதியவர் மறுபடியும் மாணவராகிவிடுகிறார். கொடுக்க மனம் வரவில்லை.

ஆரோக்கிய நிகேதனம்: தாராசங்கர் பந்த்யோபாத்யாயின் வங்க நாவல், தமிழில் த.நா. குமாரசாமி. நாடி பிடித்து மரணத்தின் வரவை அறியும் ஜீவன் மஷாய், தம் மகனுக்கும் அப்படியே அறிகிறார். கிராம வைத்தியரும் புதிய டாக்டரும் மோதும் பகுதிகள் நீளம். எனினும் இவ்வாண்டு எங்களுள் ஒருவருக்கு இதய அறுவை நடந்திருக்கிறது. யார் முந்துவோம் என்ற கேள்வி வீட்டில் எழுந்ததுண்டு. இருவரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இந்நூலை மட்டும் இரவுகளில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டார். மகனின் நாடியைத் தொடும் இடம் வந்தபோது படித்தவர் தயங்கினார். கேட்டவர், மேலே படி என்றார்.