எங்கே வலிக்கிறது, அம்மா?

தமிழில் 'இடுப்பு' என்றால் எந்த இடம்? சேலை செருகும் இடம் இடுப்பு. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடமும் இடுப்பு. முதுகின் அடிப்பகுதி பிடித்துக்கொண்டால் இடுப்பு வலி. பிரசவ வலிக்கும் அதே பெயர்தான். தொடை எலும்பின் பந்து போன்ற தலை ஒரு குழிக்குள் சுழல்கிறதே, அந்த மூட்டுக்கென்று அன்றாடப் பேச்சில் நமக்குத் தனிச் சொல் இல்லை. மலாயில் பிங்காங் வேறு, பிங்குல் வேறு. முன்னது இடையும் முதுகின் கீழ்ப்பகுதியும். பின்னது அதற்கும் கீழே. என் அம்மாவுக்கு மலாயில் பேசினாலும் எல்லாமே பிங்காங்தான்.

அம்மாவுக்கு வயது 69. சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் 31 வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றி லயத்தை உடைத்த பிறகு, அப்பாவின் சேமநிதிப் பணத்தில் வாங்கிய மலிவு விலை வீட்டில் இருக்கிறார். அப்பா இறந்த பிறகு தனியாக. அண்ணன் ஷா ஆலாமில், நான் பெட்டாலிங் ஜெயாவில். கடந்த ஆண்டு அம்மாவுக்கு வலது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது.

இன்று செய்யப்படும் இந்தச் சிகிச்சைக்கு வழி போட்டவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவர். 1962-இல் உலோகப் பந்தையும் பிளாஸ்டிக் குழியையும் இணைத்து அவர் செய்த வடிவம்தான் இன்றைக்கும் அடிப்படை. பெரும்பாலானவர்களுக்கு நல்ல பலன் தரும் சிகிச்சை இது. அம்மாவுக்கும் நன்றாகவே நடந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். தையல் சுத்தமாக ஆறியது. ஆறாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "பாகூஸ், சந்திக்" என்று சிரித்தார்.

ஆனால் அம்மா நடக்கவில்லை. படுக்கையிலிருந்து கழிவறை, கழிவறையிலிருந்து நாற்காலி, அவ்வளவுதான். பயிற்சித் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். "இன்னும் பிங்காங் வலிக்குது" என்று டாக்டரிடம் சொன்னபோது, புது மூட்டுதான் வலிக்கிறது என்று எடுத்துக்கொண்டு இன்னொரு முறை படம் எடுத்தார்கள். அதிலும் குறை இல்லை. "ஆப்பரேஷன் புடிக்கல பாப்பா, எனக்கு ராசி இல்ல" என்று அம்மா முடிவே கட்டிவிட்டார். அண்ணன், வீட்டை வாடகைக்கு விட்டு அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அண்ணிக்கும் சம்மதம்தான். ஆனால் அது பதினோராவது மாடி. வாசலில் செடி வைக்க முடியாது. அம்மா ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்தார். அந்த மௌனம் எனக்குப் பழக்கம். லயத்தை விட்டு வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்த அன்றும் அப்படித்தான் இருந்தார்.

எட்டாவது வாரம் பிசியோதெரபி பிரிவில் ஒரு மலாய்ப் பெண். வயது முப்பதுகூட இருக்காது. "சாக்கிட் டி மானா, ஆண்ட்டி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மனித உடலின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்த ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டினார். வலிக்கும் இடத்தையெல்லாம் குறிக்க வேண்டுமாம். அம்மா குறிக்கக் குறிக்க எனக்கு வியப்பு. இடது முட்டி, இடது தோள், முதுகின் அடிப்பகுதி, வலது கட்டைவிரலின் அடி. ஆப்பரேஷன் செய்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளி மட்டும், அதுவும் யோசித்துவிட்டு.

"இதையெல்லாம் ஏம்மா டாக்டர்கிட்ட சொல்லல?"

"இடுப்புக்குத்தானே போனோம். முட்டிய பத்தி எதுக்கு அங்க?"

அம்மாவின் நியாயம் அது. ஒரு கவுண்டருக்கு ஒரு வேலை. வலி அப்படிக் கவுண்டர் பார்த்து வருவதில்லை. முதுகுத்தண்டும் இடுப்பு மூட்டும் ஒன்றின் வலியை ஒன்று மறைக்கும் என்பதை இரண்டு மருத்துவர்கள் 1983-லேயே எழுதி, அதற்கு 'இடுப்பு முதுகுத்தண்டு நோய்த்தொகுதி' என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். அறுவைக்கு முன்பே முதுகிலோ வேறு மூட்டுகளிலோ வலி உள்ளவர்களுக்கு முன்னேற்றம் கிடைக்கிறது. ஆனால் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அளவுக்குக் கிடைப்பதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிகிச்சையின் பலனை அளக்க 1996-இல் ஆக்ஸ்போர்டில் உருவாக்கிய 12 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. மொத்தம் 48 மதிப்பெண். மாடிப்படி ஏற முடிகிறதா, காரில் ஏறி இறங்க முடிகிறதா, கடைக்குப் போய்வர முடிகிறதா என்று கேட்கும். முட்டி வலியால் படி ஏறாதவருக்கும் இடுப்பின் கணக்கில்தான் மதிப்பெண் குறையும். தாளில் தோற்பது பாவம், புது மூட்டு.

அம்மாவின் உடம்பில் நடந்ததை அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்து காட்டினார். வலது இடுப்பில் சிகிச்சை என்றால் கைத்தடியை இடது கையில் பிடிக்க வேண்டும். அப்போதுதான் இடுப்பின் பாரம் குறையும். ஆனால் இடது முட்டி தேய்ந்தவர் வலது கையில் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டும் உண்டு. போதாததற்கு இடது தோளில்தான் காண்டா கம்பு சுமந்தார். இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, ஈர மேட்டில் ஏறி இறங்கிய தோள் அது. வாக்கரை அழுத்தினால் அந்தத் தோள் கத்தும். கட்டைவிரல் பால் வெட்டும் கத்தி பிடித்த கட்டைவிரல். எதைப் பிடித்து நடப்பது?

இன்னொன்றும் சொன்னார். மூட்டு வலித்தால் அதைச் சுற்றியுள்ள தசை தானாகவே வேலையைக் குறைத்துக்கொள்ளும். அம்மாவின் இடது முன்தொடை அப்படித்தான் மெலிந்திருந்தது. புதுக் காலைத் தாங்க வேண்டிய பழைய காலே தள்ளாடினால் நடை எப்படி வரும்? பல வருடமாகப் பல இடத்தில் வலித்த உடம்பில், வலியைக் கடத்தும் நரம்பு மண்டலமே கூச்சப்பட்டுப் போயிருக்கும். சின்னச் சீண்டலையும் பெரிதாகச் சொல்லும். தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். இதற்கு 'மனப்பிரமை' என்று பெயர் வைக்கும் உறவினர்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வாளி பாலைக் கொடுத்து மேட்டில் ஏறச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு மாற்றியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். முழங்கையை ஊன்றிக்கொள்ளும் வாக்கர் ஒன்றை இரவல் தந்தார்கள். பாரம் உள்ளங்கையிலிருந்து முன்கைக்குப் போனது. இடுப்புக்கான பயிற்சிக்கு முன்னால் இடது முட்டிக்குப் பத்து நிமிடம். முட்டி வலிக்கென்று அம்மா கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை டாக்டர் நிறுத்தினார். சர்க்கரை நோய் உள்ளவரின் சிறுநீரகத்துக்கு அது ஆகாதாம். அதற்குப் பதில் பயிற்சிக்கு அரை மணி முன்னால் பாராசிட்டமோல். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிய கைத்தடி இரண்டு துளை உயரமாக இருந்ததால்தான் தோள் தூக்கிக்கொண்டிருந்தது. கை தொங்கும்போது மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் பிடி இருக்க வேண்டும் என்று இறக்கிவைத்தார். கோடாலித் தைலத்தை மட்டும் யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் அம்மா கேட்டிருக்க மாட்டார்.

பதினான்காவது வாரம் கைத்தடியோடு வாசலுக்கு வந்தார். ஐந்தாவது மாதத்தில் காலைச் சந்தைக்குப் போய், மீன்காரரிடம் விலை பேசி, திரும்பி வந்து எனக்குப் போன் செய்தார். மீன் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

முதுகு இன்னும் மழைநாளில் பிடிக்கிறது. தோள் அப்படியேதான். இடது முட்டியைப் பார்க்க அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் அறுவை சிகிச்சை செய்யலாமா என்று பேசுவார்கள். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. "கறிவேப்பிலைச் செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் வீட்டு வாடகைப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.