சோழபுரத்தில் ஒரு கடைசல் யந்திரம்

"சோழபுரத்துக்குப் போய் வரப் போகிறேன்" என்று ஒரு நாள் நான் சொன்னதுதான் தாமதம், வீட்டில் ஒரு சிறு மகாநாடே கூடிவிட்டது. "கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்தச் சோழபுரமா?" என்று கேட்டாள் என் மனைவி. "இல்லை, கங்கை கொண்ட சோழபுரந்தான்" என்று தீர்ப்புக் கூறினான் சரித்திரம் படிக்கும் என் பேரன். எதிர் வீட்டு அம்மாளோ, "சோலாப்பூரா? அங்கே போர்வைக்குப் பேர் போன கடைகள் உண்டாமே! எனக்கு இரண்டு வாங்கி வாருங்கள்" என்று பணத்தையும் கையோடு கொண்டு வந்துவிட்டார். நான் போக இருந்த சோழபுரம் இந்த மூன்றும் அல்ல. ராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துக்கொண்டு, பாண்டிய நாட்டின் நடுவில் சோழன் பெயரைச் சுமந்து நிற்கும் சோழபுரம். அங்கே கோயில் கொண்டிருக்கும் சுவாமியின் பெயரோ விக்கிரம பாண்டீசுவரர்! ஊர் பெயரில் சோழனும் கோயில் பெயரில் பாண்டியனும் இருந்துகொண்டு, இருவரும் சண்டையில்லாமல் வாழும் இடம் இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

நான் அங்கே போனது சுவாமி தரிசனத்துக்காக என்று சொன்னால் கேட்பவர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் உண்மையில் போனது ஒரு யந்திரம் வாங்குவதற்காக. என் தமக்கையின் மகன் ஒரு நூற்பாலையில் பழுது பார்க்கும் பகுதியில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன். சொந்தமாக லேத்துப் பட்டறை வைக்க வேண்டும் என்று அவனுக்கு நெடுநாள் ஆசை. தகப்பனார் விட்டுப்போன மனை சோழபுரத்தில் இருந்தது. பணந்தான் இல்லை. என் தமக்கை தன் கழுத்துச் சங்கிலியையும் நாலு வளையல்களையும் பாங்கியில் வைத்துப் பணம் வாங்கினாள். பிறகு எனக்கு டெலிபோன் செய்தாள்: "தம்பி, அவன் கெட்டிக்காரன்தான். ஆனால் பளபளவென்று எதைக் கண்டாலும் மயங்கிவிடுவான். நீ பக்கத்தில் இரு." பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இலக்கணம் சொல்லிக் கொடுத்த எனக்கும் யந்திரத்துக்கும், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தந்தான். ஆனாலும் அக்கா சொல்லைத் தட்ட முடியுமா?

சென்னையில் இரவில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால், விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில் கோபுரத்தை அரைத் தூக்கத்தில் சேவித்துவிட்டு, பால்கோவாவைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சற்று நேரத்தில் ராஜபாளையம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவது மலை. அந்த வேளையில் அது நீலமாகவும் இல்லை, பச்சையாகவும் இல்லை. அடுப்பு மூட்டிய வீட்டின் புகைபோல ஒரு நிறம். மலையடிவாரத்தில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும். அவற்றுக்கு இப்பால் நூற்பாலைகள்.

விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் பாதை வந்தது 1927-ல். அதற்குப் பிறகு ஒன்பது வருஷத்தில், அதாவது 1936-ல், ஸ்ரீ பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்லை ஸ்தாபித்தார். சுற்றிலும் கரிசல் பூமி. அதில் பருத்தி விளைந்தது. விளைந்த பருத்தி மூட்டையாகக் கட்டப்பட்டு வெளியூருக்குப் போயிற்று. அதை இங்கேயே நூற்றால் என்ன என்று கேட்பது சுலபம். நூற்பதற்கு யந்திரம் வேண்டுமே! அந்த நாளில் நம் நாட்டு மில்களுக்குப் பெரும்பாலும் இங்கிலாந்தில் லங்காஷயரிலிருந்துதான் யந்திரங்கள் வந்தன. ஓல்டாம், போல்டன், அக்ரிங்டன் என்று அந்த ஊர்களின் பெயர்கள் நம் மில் மேஸ்திரிகளுக்கு மாமனார் ஊர்ப் பெயர் மாதிரி மனப்பாடம்.

இதில் ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு. 1843 வரையில் நெசவு, நூற்பு யந்திரங்களை வெளி நாட்டுக்கு விற்கக் கூடாது என்று இங்கிலாந்தில் சட்டமே இருந்தது. யந்திரம் போனால் தொழிலும் போய்விடும் என்ற பயம். அந்தத் தடை நீங்கிய பிறகு, 1854-ல் பம்பாயில் நூற்பாலைக்கு வித்திட்டார்கள். ஆனால் மில் யந்திரம் வந்ததே தவிர, மில் யந்திரத்தைச் செய்யும் யந்திரம் வெகு காலத்துக்கு வரவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் கப்பல் போக்குவரத்துத் தடைப்பட்டு, ஒரு சிறு பல் சக்கரம் தேய்ந்துபோனாலும் மாற்றுவதற்கு வழியில்லை என்று ஆனபோதுதான் அதன் அருமை எல்லாருக்கும் தெரிந்தது.

யந்திரத்தைச் செய்யும் யந்திரங்களில் தலைமையானது கடைசல் யந்திரம், அதாவது லேத்து. இரும்புத் துண்டைச் சுழல விட்டு, அசையாத உளியால் அதைச் சீவுவதுதான் அதன் வேலை. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் சுமார் 1800-ஆம் ஆண்டில் திருகாணிப் புரிகளைத் துல்லியமாக வெட்டும் லேத்து ஒன்றைச் செய்தார். அதற்குப் பிறகுதான் ஒரு திருகாணியைப் போலவே இன்னொரு திருகாணியைச் செய்வது சாத்தியமாயிற்று. நம் நாட்டில் ஹரிஹரில் கிர்லோஸ்கர் குடும்பத்தார் 1941-ல் இந்தத் தொழிலுக்கென்று ஒரு கம்பெனியைத் தொடங்கினார்கள். சுதந்திரம் வந்த பிறகு 1953-ல், சுவிட்சர்லாந்து ஓர்லிகான் கம்பெனியின் உதவியோடு, பெங்களூரில் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் ஏற்பட்டது. கைக்கடிகாரத்தினால் வீடு தோறும் தெரிந்த அந்த எச். எம். டி. முதலில் ஏற்பட்டது லேத்துச் செய்வதற்காகத்தான். 1962-ல் கோயமுத்தூரில் லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் தோன்றி, நூற்பு யந்திரங்களையே நம் ஊரில் செய்யத் தொடங்கியது.

*

சரித்திரம் இருக்கட்டும், சோழபுரத்துக்கு வருவோம். என் மருமகன் துணைக்கு ஒருவரை ஏற்பாடு செய்திருந்தான். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வட்டாரம் முழுவதும் அவரை 'அண்ணாச்சி' என்றே அழைக்கிறார்கள். மெலிந்த தேகம். சட்டைப் பையில் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு மைக்ரோமீட்டர்.

வந்ததும் அவர் விலையைப் பற்றிக் கேட்கவில்லை. "தம்பி, என்ன வேலை செய்யப் போறிய?" என்றுதான் கேட்டார். மில்களுக்கு வேண்டிய உருளைகள், புஷ்கள். கிணற்றுப் பம்புகளுக்குத் தண்டுகள் என்றான் மருமகன். "அதிலே எல்லாத்திலும் நீளம் எது? எல்லாத்திலும் கனம் எது? எவ்வளவு நுட்பம் வேணும்?" என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டு, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். மருமகன் எட்டடி லேத்து வேண்டும் என்று எண்ணியிருந்தான். கணக்குப் பார்த்ததில் ஆறடிப் படுகை உள்ளதே போதும் என்று தெரிந்தது. "வராத வேலைக்குப் பெரிய மிஷின் வாங்கினா, வட்டி மட்டும் தவறாம வரும்" என்றார் அண்ணாச்சி.

கம்ப்யூட்டர் கட்டளைப்படி தானே ஓடும் சி. என். சி. லேத்துகள் இன்று எங்கும் வந்துவிட்டன. அப்படி ஒன்று வாங்கலாமா என்று நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். ஒரே மாதிரி ஆயிரம் உருப்படி செய்பவனுக்கு அது கற்பக விருட்சம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக ஒற்றை உருப்படி செய்யும் பழுதுப் பட்டறைக்கு, கையால் ஓட்டும் லேத்தே சிலாக்கியம் என்று அவர் விளக்கினார். புதியது வாங்கப் பணம் போதாது. ஆகவே பழையதைத் தேடிப் புறப்பட்டோம்.

மதுரையில் ஒரு வியாபாரியின் கிடங்கில் ஒரு லேத்து நின்றது. பச்சை வர்ணம் கண்ணைப் பறித்தது. மருமகன் முகத்தில், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பிடித்துப்போன பையனின் களை! அண்ணாச்சி வர்ணத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, உளி வண்டி ஓடும் படுகையின் மீது விரல் நுனியால் தடவினார். சுழல் தலைக்கு அருகில் ஓரிடத்தில் விரல் தடைப்பட்டது. அந்தப் பக்கத்தில்தான் வேலை அதிகம். அங்கேதான் படுகை முதலில் தேயும். அந்த இடத்தில் உளி வண்டியை ஆட்டமில்லாமல் இறுக்கிவிட்டு, மறு கோடிக்குத் தள்ளச் சொன்னார். பாதி வழியில் அது இறுகி நின்றுவிட்டது. தேயாத இடம் மேடாகவும் தேய்ந்த இடம் பள்ளமாகவும் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பிறகு டயல் கேஜை வைத்துச் சுழல் தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றினார். முள் நடனமாடிற்று. "இதில் கடைஞ்ச தண்டு ஒரு முனை பருத்து, ஒரு முனை சிறுத்து வரும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். விலை, புதியதில் மூன்றில் ஒரு பங்குதான். மருமகன் ஊர் வரும் வரையில் எங்களோடு பேசவில்லை.

இந்தச் சோதனைகள் அண்ணாச்சியின் கற்பனை அல்ல. பெர்லினில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஷ்லெஸிங்கர் 1927-ல் இவற்றையெல்லாம் வகுத்து ஒரு புத்தகமாக வெளியிட்டார். யந்திரத்தை வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே அளவுகோலை ஒப்புக்கொள்ள அது வழி செய்தது. 1933-ல் நாஜிகளின் ஆட்சி வந்ததும், யூதரான அவர் சிறைப்பட்டு, பிறகு நாட்டை விட்டே போக நேர்ந்தது. 1949-ல் இங்கிலாந்தில் காலமானார். அந்தப் பேராசிரியரின் பெயரை அண்ணாச்சி கேள்விப்பட்டதில்லை; ஆனால் அவர் வித்தை எப்படியோ கை மாறி வந்து சேர்ந்திருக்கிறது.

பத்து நாளைக்குப் பிறகு கோயமுத்தூரில் இன்னொரு லேத்தைப் பார்த்தோம். வயதான ஒருவர் தம் பட்டறையை மூடிக்கொண்டிருந்தார். லேத்தில் வர்ணமே இல்லை. எண்ணெய்க் கறுப்பு ஏறி எருமை மாதிரி நின்றது. "அரை மணி ஓட விடுங்கள், பிறகு பேசலாம்" என்றார் அந்தப் பெரியவர். ஓடியது. தலைப் பெட்டியைத் தொட்டால் இளஞ்சூடுதான். சத்தமும் ஒரே சீராக இருந்தது. கூடவே புரி வெட்டும் சக்கரங்கள், இரண்டு சக்குகள், நீண்ட தண்டைத் தாங்கும் தாங்கிகள் எல்லாம் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தன. இவை தனியே வாங்கினால் பெருஞ்செலவு. ஆனால் விலை மதுரை லேத்தைப் போல ஒன்றரைப் பங்கு! அக்காள் கையில் மிஞ்சியிருந்த இரண்டு வளையல்களும் பாங்கிக்குப் போக வேண்டும்.

மருமகன் தயங்கித் தயங்கித் தாயாருக்கு டெலிபோன் செய்தான். அவள் விலையைக் கேட்டாள். சற்று மௌனம். பிறகு, "அண்ணாச்சி என்ன சொல்கிறார்?" என்றாள். "இதைத்தான் வாங்கச் சொல்கிறார், அம்மா." "அப்புறம் எதற்கு என்னைக் கேட்கிறாய்?" என்று டெலிபோனை வைத்துவிட்டாள்.

*

வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன். பாதிதான் முடிந்திருந்தது. மனை கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன் மேல் லேத்தை நிறுத்தினால் பருவத்துக்குப் பருவம் கோணும். ஆகையால் கரிசலைத் தோண்டி எடுத்து, கெட்டித் தரை வரையில் போய், சரளை நிரப்பி இடித்து, மேலே கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார்கள். அது இறுக இருபத்தெட்டு நாள். அத்தனை நாளும் தண்ணீர் ஊற்றியவள் என் தமக்கை. தவணை ஓடுகிறதே என்று மருமகன் துடித்தான். "பச்சைத் தளத்தில் வெச்சா, ஆயுசுக்கும் அழுவிய" என்று அண்ணாச்சி அசையாமல் இருந்துவிட்டார்.

நான் இரண்டாந்தடவை போனபோது லாரி வந்து நின்றது. முக்காலியில் செயின் பிளாக் மாட்டி, மரக் கட்டை கொடுத்துக் கயிறு கட்டி, ஒவ்வோர் அங்குலமாக இறக்கினார்கள். தலை கனத்த யந்திரம். சற்று ஏமாந்தால் குப்புறக் கவிழ்ந்துவிடும். ஊர்ப் பிள்ளைகள் தேர் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ரசமட்டம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் அல்ல. ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.02 மில்லி மீட்டர் உயர்ந்தாலும் குமிழி ஒரு கோடு நகர்ந்து காட்டிவிடும். தலைமயிரின் பருமனில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! படுகையின் இரு கோடியிலும் வைத்துப் பார்த்து, காலடியில் ஆப்புகளைத் தட்டி, நட்டை இறுக்கி, மறுபடி பார்த்து, மறுபடி தளர்த்தி, ஒரு பகல் முழுதும் போயிற்று. மின்சாரம் கொடுத்தபோது மோட்டார் எதிர்ப்புறமாகச் சுற்றியது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே மெயினை நிறுத்தி, மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றினார், சரியாகிவிட்டது.

கடைசிப் பரீட்சை மாலையில். ஒரு தண்டைச் சக்கில் மட்டும் பிடித்து, இரண்டிடத்தில் ஒரே உளியால் ஒரே ஓட்டத்தில் மெலிதாகச் சீவினார்கள். படுகையில் முறுக்கு இருந்தால் இரண்டிடமும் ஒரே பருமனாக வராது. அண்ணாச்சி மைக்ரோமீட்டரை எடுத்து அளந்து, ஒன்றும் பேசாமல் மருமகனிடம் கொடுத்தார். அவனும் அளந்தான். இன்னொரு முறை அளந்தான். பிறகு அந்தத் தண்டைக் கொண்டுபோய்த் தாயார் கையில் கொடுத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வழவழவென்றுதான் இருக்கிறது" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் விக்கிரம பாண்டீசுவரரைத் தரிசித்துவிட்டு வந்தோம். பட்டறை வாசலில் மாவிலைத் தோரணம். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் தேய்ந்த பம்புத் தண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, பட்டறை திறக்குமுன்பே வந்து காத்திருந்தார். பயிர் காய்கிறதாம்; மத்தியானத்துக்குள் வேண்டுமாம். கோயமுத்தூருக்கும் மதுரைக்கும் போகாமல், சோழபுரத்திலேயே அன்று அந்தத் தண்டு உருவாயிற்று.

அக்காவின் வளையல்கள் இன்னும் பாங்கியில்தான் இருக்கின்றன. இருபத்திரண்டு தவணை பாக்கி. வெறுங்கையோடு அவள் எனக்கு இலை போட்டபோது எனக்கு மனம் ஒரு மாதிரியாக இருந்தது. "என்னடா பார்க்கிறாய்? அதோ ஓடுகிறதே, அதுதான் என் வளையல்" என்றாள். பட்டறையிலிருந்து லேத்தின் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.