பெரியப்பாவின் குதிரைகள்

கண்டியிலுள்ள கல்லூரியொன்றில் கணிதம் கற்பிப்பவன் நான். சென்ற தவணையில் ஒருநாள், உயர்தர வகுப்பு மாணாக்கர்க்கு நிகழ்தகவுப் பாடத்தை முடித்துவிட்டுக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் அருகே வந்து தயங்கி நின்றான். தனியார் வகுப்புக்கென்று தாயார் கொடுத்த பணத்தை, தமையனின் பெயரைக்கொண்டு கைத்தொலைபேசி வழியே கிரிக்கெட் பந்தயத்தில் வைத்து அவன் இழந்திருந்தான். அச்செய்தியை அவனுடைய தாயார் மூலம் நான் முன்னரே அறிந்திருந்தேன்.

“சேர், அரசாங்கமே சட்டம் போட்டு அனுமதிக்கிறது தானே? பிறகெப்படி அது பிழையாகும்?” என்று கேட்டான்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவ்வேளை என் மனக்கண்முன் வந்து நின்றவர் என் பெரியப்பா.

அவர் கண்டி நகரில் சிறிய பலசரக்குக் கடையொன்று வைத்திருந்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர். நான் பத்து வயதுச் சிறுவனாயிருந்த காலத்தில், பாடசாலை விட்டு வந்ததும் குதிரைப் பந்தயத் தாளை என்முன் விரிப்பார். குதிரைகளின் பெயர்களை நான் உரக்க வாசிப்பேன். செவிக்கு இனிதாய் ஒலித்த பெயரைத் தெரிந்தெடுத்து, எனக்கொரு டொபியைத் தந்துவிட்டு, ஊரார் ‘புக்கி’ என்று வழங்கிய பந்தயக் கடைக்குப் புறப்படுவார். அக்குதிரைகள் ஓடியதோ இங்கிலாந்தில்! அங்கே பிற்பகலாயிருக்கும்போது நமக்கு இரவு நெருங்கும். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் நடைபெறும் பந்தயத்தைக்கூடப் பெரியப்பா நேரிற் கண்டவரல்லர்.

நாளடைவில் கடையின் தட்டுக்கள் வெறுமையாயின. பெரியம்மாவின் வளையல்கள் ஒவ்வொன்றாய் அடகுக்குச் சென்றன. வீட்டிலிருந்த நாங்கள் எல்லோரும் அதைக் கண்டோம். எவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பந்தயக் கடையோ சட்டத்துக்குட்பட்டது. பொலிசார் அதன் வாசலுக்கு வரவேண்டிய தேவையே இருக்கவில்லை.

விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்குவது குறித்து இன்று விவாதிப்போர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். இலங்கையில் 1889-ஆம் ஆண்டின் சட்டம் சூதாட்டத்தைத் தண்டித்தது; 1930-ஆம் ஆண்டின் சட்டம் குதிரைப் பந்தயத்துக்கு விதி வகுத்தது; 1988-ஆம் ஆண்டின் சட்டம் பந்தயத் தொழிலிடம் வரி கேட்டது. 2025-இல் நிறைவேறிய புதிய சட்டம், இணையவழிச் சூதாட்டத்தையும் உட்படுத்தி ஓர் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு வழிவகுத்தது. அதே ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுக்களைத் தடை செய்தது. அயல் நாடுகள் இரண்டும் இவ்வாறு இருவேறு வழிகளிற் சென்றன.

ஒழுங்குபடுத்த வேண்டும் என்போர் கூறுவதில் நியாயமில்லாமலில்லை. தடை செய்தால் பந்தயம் ஒளிந்துகொள்ளுமேயன்றி ஒழியாது. ஒளிந்த பணம் விளையாட்டையே அரித்துவிடும். 2024 டிசம்பரில், நம் பல்லேகலை மைதானத்தில் நடைபெற்ற பத்து ஓவர் போட்டித் தொடரின்போது, ஓர் அணியின் உரிமையாளரே ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டின்பேரிற் கைதானார். கணக்குக் காட்டவேண்டிய கடை, காட்டத் தேவையற்ற கடையிலும் மேலானதே.

ஆயினும் பெரியப்பாவின் பந்தயக் கடைக்கு ஒரு கதவு இருந்தது. அங்கே நடந்துசெல்ல வேண்டும். இரவில் அது மூடப்படும். கைத்தொலைபேசிக்குக் கதவில்லை. அடுத்த பந்தில் என்ன நிகழும் என்பதற்கும் அதிற் பணம் வைக்கலாம். ஆகவே சட்டம் செய்யக்கூடிய நன்மை, அங்கேயும் ஒரு கதவை அமைப்பதுதான்: வயதுக் கட்டுப்பாடு, இழப்புக்கு எல்லை, விளம்பரத்துக்குத் தடை. ஆனால், வரி வருமானத்தை எதிர்பார்த்திருக்கும் திறைசேரி, அக்கதவை இறுகச் சாத்துமா என்பதே என் ஐயம்.

மாணவனுக்கு என்ன சொல்வது? வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்ததையும், தருமர் நாடிழந்ததையும் அவன் பரீட்சைக்காகப் படித்தவனே. ஆகவே கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினேன். நாணயமொன்றைச் சுண்டி, ஒவ்வொரு முறையும் 100 ரூபாய் வைக்கிறாய். வென்றால் 200-க்குப் பதிலாக 190 ரூபாய் கிடைக்கும். நூறு முறை ஆடினால் நீ வைப்பது 10,000. திரும்பிவர எதிர்பார்க்கத்தக்கது 9,500. எஞ்சிய 500 யாருக்கு?

“நான் கிரிக்கெட்டை அறிந்துதான் வைக்கிறேன், சேர்,” என்றான்.

“விலை குறிப்பவனும் அறிந்துதான் குறிக்கிறான், தம்பி,” என்றேன். பின்னர், இதுவரை எவரிடமும் கூறாத ஒன்றை அவனிடம் கூறினேன்: பெரியப்பாவுக்குக் குதிரைகளின் பெயரை வாசித்துக் கொடுத்தவன் நானே என்பதை. அனுமதிப் பத்திரம் பொலிசாரைத்தான் தடுக்கும். கடன்காரனைத் தடுக்காது என்பதையும் சொன்னேன்.

அன்று மாலை கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வாசலில் அவனுடைய தாயாரைச் சந்தித்தோம். இழந்த தொகை முழுவதையும் அவனே தன் வாயாற் சொன்னான். அம்மையார் அறிந்திருந்ததைவிட அது மூன்று மடங்கு. அவர் நெடுநேரம் பேசவில்லை, பின்னர், “சாப்பிட்டாயா?” என்று மட்டும் கேட்டார்.

சட்டம் எவ்வாறாயினும் ஆகுக. எங்கள் வீட்டில் அன்று ஒருவராவது பேசியிருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.