சோடா வாங்க ஓடிய நான்

எனக்குக் கவிதை வராது. ஆகவே, நடந்ததை எழுதுகிறேன்.

போன மாசி மாதம் ஒரு மாலை. டீக்கடை பெஞ்சில் என்னோடு பேசிக்கொண்டிருந்த தாய்மாமா அப்படியே சாய்ந்துவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எதிர்ப் பெட்டிக்கடைக்கு சோடா வாங்க ஓடினேன்! திரும்பி வந்தபோது, பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு நர்ஸ் அக்கா மண்டியிட்டு, மாமாவின் நடு நெஞ்சை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஷாக் கொடுத்த பிறகே நாடி திரும்பியது.

இதயம் ஓடியது; மாமா கண் திறக்கவில்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஆக்ஸிஜனில் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. ரத்தம் நின்றால் நான்கைந்து நிமிடத்தில் சேதம் தொடங்கிவிடும். ரத்தம் திரும்பிய பிறகும் அது மணிக்கணக்கில் தொடரும்.

நானோ குளிர்பதனம் படிப்பவன். சூடு 1 டிகிரி குறைந்தால் மூளையின் தேவை சுமார் 6 சதவீதம் குறையும் என்று படித்திருந்தேன். லோடு குறைந்தால் எந்திரம் பிழைக்கும் அல்லவா? டாக்டரிடமே கேட்டுவிட்டேன்: "சார், மாமாவை ஐஸ்ல வைக்கக் கூடாதா?"

அவர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி தம்பி. 2002ல ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் செஞ்ச ரெண்டு ஆய்வுல, 33 டிகிரி வாக்கில் குளிர வெச்சா மூளை தப்புதுன்னு தெரிஞ்சுது. பல நாட்டுலயும் அதையே செஞ்சாங்க. 2013ல 33ஐயும் 36ஐயும் ஒப்பிட்டாங்க, வித்தியாசமில்லை. 2021ல சுமார் 1,900 பேர்கிட்ட, 33 டிகிரியையும் காய்ச்சலைத் தடுக்கறதையும் ஒப்பிட்டாங்க, அப்பவும் வித்தியாசமில்லை. குளிர்ல துடிப்புக் கோளாறுதான் கூடுச்சு. அதனால சூடு 37.5ஐத் தாண்டாம பார்த்துக்கறோம்."

மாமா மேல் குளிர்நீர் ஓடும் போர்வை, சென்சார், கன்ட்ரோலர்... நம் லேபில் பார்த்த அதே தத்துவம்! வியந்து நின்ற என்னிடம் டாக்டர் சொன்னார்: "இதெல்லாம் அப்புறம். முதல்ல காப்பாத்தினது நெஞ்சை அழுத்தின கை."

நான்காம் நாள் மாமா கண் திறந்தார். "பீஸ் கட்டிட்டியாடா?" என்றார். அழுதுவிட்டேன். ஆனால் மாலைக்குள் அதையே மூன்று தடவை கேட்டார். இன்றும் சிலது மறந்துவிடுகிறது. நான் சோடாவுக்கு ஓடிய அந்த நிமிடத்தில் போனதோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

நண்பர்களே, ஒருவர் மூச்சுப் பேச்சின்றி விழுந்தால் 108க்குச் சொல்லிவிட்டு, நடு நெஞ்சில் 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாமல் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்!

- மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை