தவறியது யார்?

கொல்கத்தாவில் டாக்குரியா பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆங்கிலச் சொல் நினைவுக்கு வரும்: ஃபெயிலியர்.

கரன்ட் போனாலும், மழை பொய்த்தாலும், சிறுநீரகம் கெட்டாலும் ஆங்கிலத்துக்கு இந்த ஒரு சொல் போதும். எம்.ஏ. தமிழ் முடித்து மொழிபெயர்ப்பு மேசைக்கு வந்த எனக்கு அந்த வசதி இல்லை. மின்சாரத்துக்குத் தடை, சிறுநீரகத்துக்குச் செயலிழப்பு, தேர்தலுக்குத் தோல்வி. ஒருமுறை 'ஹார்ட் ஃபெயிலிய'ரை மாரடைப்பு என்று எழுதி, டாக்டர் நண்பரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. ஹார்ட் ஃபெயிலியரில் இதயம் நின்றுவிடுவதில்லை. போதிய ரத்தத்தை இறைக்கும் வலுவை இழக்கிறது.

2011 டிசம்பர் 9, விடிவதற்கு முன். டாக்குரியா ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் தீ. கார் நிறுத்த வேண்டிய அங்கே எரியக்கூடிய பொருட்கள் குவிந்திருந்தன. ஏ.சி. குழாய்கள் வழியே புகை மாடிகளுக்கு ஏறியது. சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் படுக்கையிலேயே மூச்சுத் திணறி. முதலில் உதவிக்கு ஓடிவந்தவர்கள் பக்கத்துக் குடிசைவாசிகள்.

அந்தச் செய்தியை மொழிபெயர்த்தபோது, 'பாதுகாப்புச் செயலிழப்பு' என்று எழுதினேன். திரும்பப் படித்தபோது உறுத்தியது. சிறுநீரகம் தானாகச் செயலிழக்கலாம். பாதுகாப்பு தானாகவா போகும்? அடித்துவிட்டு, 'பாதுகாக்கத் தவறினார்கள்' என்று மாற்றினேன்.

தவறியவர்கள் யார் என்று சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. தவறியவர்கள் இருக்கிறார்கள் என்பதையாவது என் வாக்கியம் சொல்ல வேண்டாமா?