வாசலில் வந்து நின்ற மருந்து

நோயை மறைப்பதே குடும்ப மானத்தைக் காப்பது என்னும் எண்ணம் எங்கள் வீட்டில் நெடுங்காலம் குடியிருந்தது. அதற்கு நாங்கள் கொடுத்த விலை என் லாத்தா.

1963ஆம் ஆண்டு. இராமநாதபுரம் சீமையின் கடலோர ஊர் ஒன்றில் எங்கள் வீடு. எனக்கு அப்போது ஒன்பது வயது. பதினெட்டு வயது லாத்தா பின்கட்டு அறையில் இருமியபடி படுத்திருப்பார். கேட்பவர்களிடம் ‘வெறும் சளிதான்’ என்பார் உம்மா. காசநோய் என்னும் சொல் வாசலைத் தாண்டிவிட்டால் மற்ற பெண்மக்களுக்கு மாப்பிள்ளை அமையாதே என்னும் அச்சம் அவருக்கு. வாப்பாவோ எல்லாம் கத்ர் என்று கூறித் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். ஓராண்டுக்குள் லாத்தா மௌத்தாகிவிட்டார்.

2022ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவிலுள்ள என் மகனின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். சென்ற சில வாரங்களில் இருமல் பற்றியது, மாலைதோறும் காய்ச்சல், உடல் இளைத்தது. மருத்துவமனையில் சளியைச் சோதித்தார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே நோய் என்னைத் தேடி வந்திருந்தது.

காசநோய் கண்ட மருத்துவர் அதனை நலத்துறைக்கு அறிவித்தாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். மறுநாளே கவுண்ட்டி நலத்துறையிலிருந்து ஒரு செவிலியர் வந்துவிட்டார். கவுண்ட்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவு. அத்தகையவை அந்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேலுண்டு. 1911இல் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா கவுண்ட்டியில் டைபாய்டு காய்ச்சல் பெருகியபோது, அதனை ஒடுக்கும் பொருட்டு அங்கே முழுநேர நலத்துறை ஒன்று அமைந்தது; அந்நாட்டில் இவ்வகைத் துறைகளுள் முன்னோடியானவற்றுள் அதுவும் ஒன்று. தடுப்பூசி போடுவது, உணவகங்களைச் சோதிப்பது, தொற்றுநோயைத் தேடிச் செல்வது எனப் பல பணிகளை இத்துறைகள் செய்கின்றன.

வந்த செவிலியர் முதலில் கேட்டது, “உங்களோடு நெருங்கிப் பழகியவர்கள் யார் யார்?” என்பதே. பள்ளிவாசலில் பழக்கமான நால்வரின் முகங்கள் என் கண்முன் வந்தன. “வீட்டாரைத் தவிர யாருமில்லை” என்றேன். உம்மாவின் ‘வெறும் சளி’ என் வாயிலிருந்து வந்தது!

வீட்டார் அனைவரையும் சோதித்தார்கள். நான்கு வயதுப் பேரனின் உடலில் கிருமி புகுந்திருந்தது. அது இன்னும் நோயாக முற்றவில்லை. தடுப்பு மருந்தால் முற்றாமல் காக்கலாம் என்றார்கள். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. விடிந்ததும் மகனை அழைத்து, “அந்தம்மாவிடம் நான் பொய் சொல்லிவிட்டேன்” என்றேன். “இப்போதாவது சொல்லிவிடுங்கள், வாப்பா” என்றான் அவன். நால்வரின் பெயர்களையும் கொடுத்தேன். என் பெயரைக் கூறாமலே அவர்களைச் சோதித்தார்கள். நால்வரும் நலம். அல்ஹம்துலில்லாஹ்!

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் இரண்டு. வாரத்தில் ஐந்து நாள் அச்செவிலியர் வீட்டுக்கு வந்து, நான் மாத்திரைகளை விழுங்குவதைக் கண்ணால் கண்ட பின்னரே செல்வார். விருந்தாளியாக வந்த அந்நியனிடம் ஒரு காசும் கேட்கவில்லை. தொடக்கத்தில் இது எனக்குக் காவலாகத் தோன்றியது. இருமல் நின்றவுடன் மருந்தை விட்டுவிட மனம் தூண்டியபோதுதான் அக்காவலின் அருமை விளங்கிற்று. பாதியில் விட்டால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும்.

ரமலான் வந்தபோது நான் தேறியிருந்தேன். மருத்துவர் இசைவளிக்க, நோன்பு நோற்றேன். பகலில் வந்துகொண்டிருந்த செவிலியர் அம்மாதம் முழுதும் மஃரிபு நேரம் பார்த்து, இரவு எட்டு மணியளவில் வந்தார். தண்ணீரால் நோன்பு திறந்து, அதே தண்ணீரில் மாத்திரையை விழுங்குவேன். வெறும் வயிற்றில் உண்ண வேண்டிய மருந்தல்லவா? தொழுதபின் சற்றுப் பொறுத்தே கஞ்சி குடிப்பேன்.

ஒருநாள் இம்முறை எங்கே தோன்றியது என்று அவரிடம் கேட்டேன். “உங்கள் மதராஸில்தான்!” என்றார். பின்னர் படித்து அறிந்தேன். 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் வைத்து மருந்தளித்து ஒப்பிட்டார்கள். வீட்டு மருத்துவமும் ஏறத்தாழ அதே பலனைத் தருகிறது என்று 1959இல் உலகுக்கு அறிவித்தார்கள்; அதனால் வீட்டாருக்குத் தொற்று மிகுவதில்லை என்பதையும் பின்னர் காட்டினார்கள். நோயாளிகள் மருந்தை ஒழுங்காக உண்பதில்லை என்பதையும் அங்கே கண்டார்கள். கண்முன் உண்ணச் செய்யும் முறையையும் அங்கே ஆய்ந்தார்கள்.

படித்தபோது கண் கலங்கியது. லாத்தா பின்கட்டில் இருமிக்கொண்டிருந்த நாளில், ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் அந்த மருந்து இருந்தது! நாங்கள் கத்ர் என்றது எங்கள் அச்சத்தை அன்றோ?

கி.பி. 639ஐ ஒட்டி ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது, அதனுள் புகாமல் வழியிலேயே திரும்பினார்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குச் செல்வதாகவே விடை கூறினார்கள். நோய் விதியென்றால் மருந்தும் விதியே. இதனை என் வாப்பாவும் அறிந்தவர்தாம். அச்சம் அதனை மறக்கச் செய்துவிட்டது.

2023 ஜூனில் என் மருத்துவம் முடிந்தது. கடைசி மாத்திரையை விழுங்கியதும் செவிலியர் என் கையைக் குலுக்கினார். அவருக்காக நான் துஆச் செய்தேன்.

இன்று நம் நாட்டிலும் அரசு நிலையங்களில் இம்மருந்து இலவசமே. ஆயினும் பின்கட்டு அறைகள் இன்னும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. இதனைப் படிப்பவர் எவரேனும் தம் வீட்டில் ஒருவரின் இருமலைச் ‘சளி’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், என் லாத்தாவை நினைத்துக்கொள்ளட்டும். அல்லாஹ் அவரது கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.