மஞ்சள் முதுகு, சிவப்பு முதுகு

எங்க கள்ளக்குறிச்சி பக்கம் மரங்கொத்தின்னா எனக்குக் கண்ணுல வர்றது ஒரே பறவைதான். சிவப்புக் கொண்டை, பொன் மஞ்சள் முதுகு. கோமுகி அணைப் பக்கம் தென்னந்தோப்புல டொக் டொக்னு கொத்திக்கிட்டு இருக்கும். கல்வராயன் மலை அடிவாரத்துலயும் இதே சத்தம்தான். புத்தகத்துல இதுக்குப் பேரு பொன்முதுகு மரங்கொத்தி.

ஆபீஸ்ல என் டீம்ல ரெண்டு இலங்கை நண்பர்கள். மொபைல்ல இந்தப் பறவையோட படத்தைக் காட்டினேன். மட்டக்களப்புக்காரர், "இது வேற. எங்கட ஊர்ல மரங்கொத்திக்கு முதுகு சிவப்பு"ன்னார். யாழ்ப்பாணத்துக்காரர் விடல. "எங்கட பக்கம் மஞ்சள்தான்." டீ ஆறிப்போற அளவுக்கு வாக்குவாதம்!

மக்களே, ரெண்டு பேர் சொல்றதும் சரி. இலங்கையோட வடக்குல இருக்கறது நம்ம மஞ்சள் முதுகுதான். தெற்கே போகப் போக, கிட்டத்தட்ட அதே உருவம், ஆனா முதுகு நல்ல சிவப்பு. அந்தச் சிவப்பு முதுகு உலகத்துலயே இலங்கையில மட்டும்தான் இருக்கு.

ரொம்ப காலம் இதை நம்மூர் பறவையோட ஒரு உள்ளினமாத்தான் கணக்குல வெச்சிருந்தாங்க. 2016-ல சமிந்த பெர்னாண்டோ, டேரன் இர்வின், சம்பத் செனவிரத்னன்னு மூணு பேர் நிறம், உடல் அளவு, மரபணு எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது தனி இனம்தான்னு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா, ரெண்டு கூட்டமும் சந்திக்கிற வடமத்தியப் பகுதியில ஒண்ணோட ஒண்ணு ஜோடி சேருது. அங்க ஆரஞ்சு முதுகுப் பறவைங்க உண்டு. நம்ம தொழில் பாஷையில சொன்னா, பிரிஞ்சு போன பிராஞ்ச் ஓரத்துல மட்டும் மெர்ஜ் ஆகுது. ஆனா மெயின் கோடு ரெண்டும் தனித்தனியாவே ஓடுது.

பேருல என்னய்யா இருக்குன்னு கேப்பீங்க. இருக்கு. உள்ளினம்னு எழுதி வெச்சா, "அதான் இந்தியா பூரா இருக்கே"ன்னு ஒரு வரியில முடிச்சிடலாம். தனி இனம்னா, அந்தத் தீவுல அழிஞ்சா உலகத்துலயே இல்லை. பறவை அதேதான், மரமும் அதேதான். நாம அதைக் காப்பாத்தணும்னு நினைக்கிறது மட்டும் நாம வைக்கிற பேரைப் பொறுத்து மாறுது.

அப்போ அந்த ஆரஞ்சு முதுகை எந்தக் கணக்குல சேர்க்கறது? அதுக்கும் பசிக்குது, அதுவும் எறும்பைத் தேடித்தான் கொத்துது. எனக்கென்னவோ, கோடு போட்டுப் பிரிக்கிறவங்க முதல்ல போய்ப் பார்க்க வேண்டிய பறவை அதுதான்னு தோணுது.

உங்க ஊர் மரங்கொத்திக்கு என்ன நிறம்? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.